போயிற்று என்பதும் கொடுத்தேன் என்பதும்

மாலை நேரத்தில் நகரி இரயில் நிலைய நடைமேடையில் சிறிது நின்று பார்த்தால், திருப்பதியிலிருந்து அரக்கோணம் வழியாகச் சென்னைக்குத் திரும்பும் அடியவர் கூட்டத்தைக் காணலாம். சன்னலோரங்களில் சந்தனம் பூசிய மொட்டைத் தலைகள் வரிசையாகத் தெரியும். நெற்றியில் வியர்வையால் சற்றே கலைந்த திருநாமம். காது மடலில் செருகிய பூவோ துளசியோ. ஒருவர் தொடங்க மற்றவர்கள் வாங்கிச் சொல்லும் 'கோவிந்தா'. மலைமேல் அவர்கள் தலையில் சடாரி வைத்து எடுத்திருப்பார்கள். அது மட்டும் கண்ணுக்குத் தெரியாது. திருப்பதியில் மைய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராகப் பணிபுரியும் யாம், வீடு திரும்பும் வண்டியில் இக்காட்சியை ஆண்டுக்கணக்காகக் கண்டு வருகிறோம். பழகிப்போன இக்காட்சியில் சிந்திப்பதற்கு ஏதும் இருப்பதாக நெடுநாள் தோன்றியதில்லை.

புரட்டாசி மாதத்து மாலை ஒன்றில் எம் எதிர் இருக்கையில் இருவர் அமர்ந்திருந்தனர். ஒருவர் மலையிலிருந்து இறங்கி வந்த முதியவர். மற்றவர் புத்தூரில் ஏறியவர். ஏதோ ஒரு சீட்டு நிறுவனத்தில் பணத்தைப் பறிகொடுத்தவர் என்பது அவர் கைப்பேசியில் உரக்கப் பேசியதிலிருந்து தெரிந்தது. "என்னத்தச் சொல்றது அண்ணே! நல்லா மொட்டை அடிச்சுட்டான். பட்டை நாமம் போட்டுட்டுப் போயிட்டான். மூணு லட்சம் கோவிந்தா!" என்றார். முதியவர் திரும்பிப் பார்த்தார். பிறகு தம் தலையைத் தாமே தடவிக்கொண்டு சிரித்தார். பெட்டியில் இருந்த நாங்கள் அனைவரும் சிரித்தோம்.

வீட்டுக்கு வந்து கைகால் கழுவும்போதுதான் உறைத்தது. பணம் இழந்தவர் வாயில் வந்த மூன்று சொற்களும் அந்த முதியவர் மேனியிலும் நாவிலும் இருந்தவை. ஒருவர் நூற்றுக்கணக்கான கல் தொலைவு வந்து, வரிசையில் நின்று, விரும்பிப் பெற்றுக்கொண்ட அடையாளங்கள், இன்னொருவருக்கு ஏமாற்றத்தைச் சொல்லும் இழிசொற்களாக எவ்வாறு ஆயின? அந்தக் கேள்வியே இக்கட்டுரைக்கு வித்து.

எண்ண எண்ணப் பட்டியல் நீண்டது. ஒருவன் நம்மை மூடனாக்க முயன்றால் 'காதில் பூச் சுற்றுகிறான்' என்கிறோம். இவை தமிழுக்கு மட்டும் உரியவையாக இருந்தால், ஏதோ நம் குறும்பு என்று விட்டுவிடலாம். ஆனால் எங்கள் நகரியில் ஒரு தெருவில் தமிழும் அடுத்த தெருவில் தெலுங்கும் பேசப்படும். பல வீடுகளில் அடுப்படியில் ஒன்றும் திண்ணையில் ஒன்றுமாக இரண்டும் பேசப்படும். அங்கே கேட்டால் தெலுங்கரும் இவற்றையே சொல்கின்றனர். ஏமாற்றினால் 'பங்கநாமாலு', மூடனாக்கினால் 'செவிலோ பூலு', பணம் தொலைந்தால் அவர்களுக்கும் 'கோவிந்தா'தான். நம்மிடம் இல்லாத ஒன்றும் அவர்களிடம் உண்டு. அரசுக் கருவூலத்தை யாரேனும் கொள்ளையிட்டால், தெலுங்கு நாளிதழ்கள் 'சடகோபம் வைத்தார்கள்' என்று தலைப்பிடும். இறைவன் திருவடியாகக் கருதி நம் தலையில் ஏற்றுக்கொள்ளும் சடாரிதான் அந்தச் சடகோபம். அரைகுறையாக விட்ட வேலைக்கு 'திருப்பதி க்ஷவரம்' என்றும் அவர்கள் சொல்வதுண்டு. வந்தவர் வேறு நாவிதரிடம் போய்விடாதபடி ஆளுக்குக் கொஞ்சம் மழித்து உட்கார வைத்துவிட்டு அடுத்தவரை அழைத்த பழங்காலத்துக் கதை அது. இன்று மலையில் கல்யாணகட்டாவில் சீட்டுப் பெற்றுக்கொண்டு கட்டணமின்றி முடி இறக்குகிறார்கள். வழக்கம் மறைந்துவிட்டது, வழக்குச்சொல் மறையவில்லை.

தொல்காப்பியப் பாயிரம் தமிழ் வழங்கும் நிலத்துக்கு வட எல்லையாகச் சொன்னது இந்த வேங்கடத்தைத்தான். எல்லையில் நிற்கும் மலை, இருபுறத்து மக்களுக்கும் ஒரே தெய்வத்தைத் தந்தது போலவே, ஒரே கேலியையும் தந்திருக்கிறது.

மொட்டையை முதலில் எடுத்துக்கொள்வோம். திருவேங்கடமுடையானின் தலையில் அடிபட்டு ஒரு பகுதி முடி இழந்திருந்ததாகவும், நீலாதேவி என்பவள் தன் கூந்தலை அறுத்து அவ்விடத்தில் பொருத்தியதாகவும், அன்று முதல் அடியவர் முடியெல்லாம் அவளுக்கே உரியதாயிற்று என்றும் தலபுராணக் கதை வழங்குகிறது. கதை எவ்வாறாயினும் அதன் உட்பொருள் எளியது. உண்டியலில் இடப் பொன் இல்லாதவனுக்கும் தலையில் முடி உண்டு. தன் உடம்பிலேயே விளைந்ததைத் தருகிறான். தந்தபின் தன் அழகு குறைந்து ஊர் முழுதும் பார்க்க நடக்கிறான். அவ்வாறு தரப்பட்ட முடி ஏலத்தில் கோடிக்கணக்கான ரூபாய்க்குப் போகிறது என்பது வேறு செய்தி. அவன் கணக்கில் அது நுழைவதில்லை.

நாமம் எவ்வாறு வஞ்சனையின் பெயராயிற்று என்பதற்கு எமக்குத் தோன்றுவது இது. புரட்டாசிச் சனிக்கிழமைகளில் நாமம் தரித்துச் செம்பு ஏந்தி வீடுவீடாகக் கோவிந்த நாமம் சொல்லி அரிசி வாங்குவது எங்கள் பகுதியில் நெடுங்கால வழக்கம். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளும் அன்று ஒருநாள் பிச்சை எடுப்பர். செருக்கு அடங்க வேண்டும் என்பதே அதன் கருத்து. அந்தச் செம்பைப் பொய்யாக ஏந்தியவர்களும் இருந்திருப்பார்கள். மலைக்குப் போவதாகச் சொல்லிக் காணிக்கை வாங்கிக்கொண்டு மலைப்பக்கமே போகாதவனை ஒரு முறை கண்ட ஊரார், அடுத்து வரும் நாமத்தையும் ஐயத்தோடுதானே பார்ப்பர்? ஆகவே இக்கேலி முழுவதும் பழுது என்று நாம் சொல்ல மாட்டோம். எளிய மக்களுக்குச் சட்டமும் வழக்கறிஞரும் துணையில்லாத காலத்தில், வேடதாரிகளிடமிருந்து காத்துக்கொள்ள அவர்களிடம் இருந்த ஒரே கருவி சிரிப்புத்தான்.

ஆனால் கோவிந்தாவை இவ்வளவு எளிதாக விளக்கிவிட முடியவில்லை. எம் அலுவலகத்தில் வாராத தொகை ஒன்றைத் தள்ளுபடி செய்ய வேண்டுமானால், குறிப்பு எழுதி, காரணம் காட்டி, உரிய அதிகாரி வரை கோப்பு ஏறி இறங்க வேண்டும். சில நூறு ரூபாய்க்கு ஆண்டுகள் ஆவதும் உண்டு. தமிழன் அதனை ஒரே சொல்லில் முடித்துவிடுகிறான். ஏன் அந்தச் சொல்? திருமாலுக்கு ஆயிரம் பெயர் இருக்க, போன பணத்தோடு ஏன் இந்தப் பெயர் போக வேண்டும்?

பாஞ்சாலியின் கதையில் அதற்கு விடை இருப்பதாக எண்ணுகிறோம். அவையில் துகில் உரியப்பட்டபோது, ஒரு கையால் சேலையைப் பற்றிக்கொண்டு மறுகையால் அவள் அழைத்தவரை உதவி வரவில்லை என்றும், இரு கைகளையும் விட்டுத் தலைமேல் குவித்துக் 'கோவிந்தா' என்றபோதே வந்தது என்றும் பெரியோர் விரித்துரைப்பர். கையிலிருப்பதை முற்றும் விட்டபின் எழும் ஒலி அது. ஆண்டாளும் திருப்பாவையின் 27, 28, 29ஆம் பாசுரங்களில் அடுத்தடுத்து இப்பெயரையே சொல்லி அழைக்கிறாள். அவற்றுள் கடைசியில், நாங்கள் பறை வாங்கிக்கொண்டு போக வந்தவர்கள் அல்லர் என்று தெளிவுபடுத்தியும் விடுகிறாள். கேட்க ஒன்றும் இல்லை, பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை என்ற நிலையின் பெயர் கோவிந்தா. சீட்டில் மூன்று இலட்சம் இழந்தவரும் அதே நிலையில்தான் இருக்கிறார். அவர் கையிலும் ஒன்றும் இல்லை. வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு இரண்டு வெறுங்கைகளுக்கும் வேற்றுமை தெரிவதில்லை.

நீரோடு தொடர்புடைய தொடர்களிலும் இதே மாற்றம் நிகழ்ந்திருக்கிறது. கொடுக்கும் பொருளை இனித் தனதில்லை என்று உறுதிசெய்ய நீர் வார்ப்பது பண்டை மரபு. கோயிலுக்கு நிலம் கொடுத்தவர்கள் நீர் வார்த்துக் கொடுத்ததாகக் கல்வெட்டுகள் சொல்லும். இன்றும் திருமணத்தில் பெண்ணைப் பெற்றவர்கள் தாரை வார்த்தே கொடுக்கின்றனர். அத்தகைய சொல்லை இன்று எங்கே கேட்கிறோம்? கச்சத்தீவு பற்றிய 1974ஆம் ஆண்டு உடன்பாட்டைக் குறை கூறுவோர் 'தாரை வார்த்துவிட்டார்கள்' என்கின்றனர். அடங்காத பிள்ளையைத் 'தண்ணீர் தெளித்து விட்டாயிற்று' என்கிறோம். 'நேர்ந்துவிட்ட கிடா' என்றும் சொல்கிறோம். கங்கையம்மனுக்கு நேர்ந்துவிட்ட கிடா ஊருக்குள் எந்தக் கொல்லையில் மேய்ந்தாலும் யாரும் அதனை அடிப்பதில்லை. அது அம்மனுக்கு உரியது. உரியது என்ற பொருள் உதிர்ந்து, கேட்பாரற்றது என்ற பொருள் மட்டும் நின்றுவிட்டது. தெலுங்கர் கைவிட்டதை 'நீளு ஒதுலுக்கோ' என்பர். 'திலோதகாலு' கொடுத்தாயிற்று என்பர். நாமோ எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டோம் என்போம். இறந்த முன்னோர்க்கு ஆண்டுதோறும் மறவாமல் செய்யும் கடமை, மறந்துவிட்டேன் என்பதற்குச் சொல்லாயிற்று.

தாரை வார்த்தல் என்ற தொடரை யாம் முதன்முதலில் கேட்டது எங்கள் பாட்டனார் வாயிலாகத்தான். 1953 அக்டோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது சித்தூர் மாவட்டம் அதனோடு சேர்ந்தது. ம.பொ.சி. முதலானோர் வடக்கெல்லைக்காகப் போராடியதும், பட்டாஸ்கர் பரிந்துரையின்படி 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணி சென்னை மாநிலத்தோடு இணைந்ததும் படித்தவர் அறிவர். திருத்தணிக்கும் எங்களுக்கும் இடையே சில கல் தொலைவுதான். நகரி ஆந்திரத்திலேயே நின்றது. "நம்மளைத் தாரை வாத்துட்டாங்கப்பா" என்று பாட்டனார் சொல்லுவார். சொல்லிவிட்டுப் பக்கத்து வீட்டுத் தெலுங்கரோடு ஆடுபுலி ஆடப் போய்விடுவார். (தாரை வார்ப்பதற்கு முன் கன்னியைக் கேட்பது நம் பழைய வழக்கத்தில் இல்லை என்பதும் அவர் உவமைக்குப் பொருத்தமே.) தாயகம் விட்டு வெளியே வாழும் தமிழ்க் குடும்பங்கள், எந்த ஊரில் இருந்தாலும், 'தண்ணீர் தெளித்து விட்ட கூட்டம்' என்ற சொல்லை உறவினர் வாயில் ஒருமுறையேனும் கேட்டிருப்பர். அது எவ்வளவு தைக்கும் என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

இப்போது கேள்வியைச் சற்றுக் கூர்மையாக்கிக் கேட்கலாம். ஏமாந்தவனையும் ஈந்தவனையும் பிரித்தறிவது எப்படி?

மாவலியின் கதை இதற்காகவே அமைந்தது போல் இருக்கிறது. குள்ள உருவில் வந்து மூன்றடி மண் கேட்டவன் யார் என்பதைக் குருவான சுக்கிரன் அரசனுக்குச் சொல்லிவிட்டான். நீ வஞ்சிக்கப்படுகிறாய், கொடுக்காதே என்றான். மாவலி அறியாமல் கொடுக்கவில்லை. கேட்டபின்னும், அறிந்தபின்னும் கொடுத்தான். நீர் வார்க்கும் கெண்டியின் துளையில் வண்டாய்ப் புகுந்து அடைத்த குரு ஒரு கண்ணை இழந்தான். மூன்றாம் அடி மாவலியின் தலையில் விழுந்தது. சுக்கிரன் இன்றைய தமிழ் பேசியிருந்தால், "உனக்கு நாமம் போட்டுவிட்டான்" என்றே சொல்லியிருப்பான். தலையில் திருவடி பட்டதைக் கொண்டு பார்த்தால், தெலுங்கு நாளிதழின் 'சடகோபம்' இன்னும் பொருத்தம். சுக்கிரன் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அவன் கணக்குச் சரியான கணக்கு. மாவலி நாட்டை இழந்தான் என்பதும் உண்மை. ஆயினும் அவன் ஆண்டுதோறும் தங்களைக் காண வருவதாகக் கேரள மக்கள் ஓணத்தன்று வாசலில் பூக்கோலமிட்டுக் காத்திருக்கிறார்கள். சுக்கிரனுக்காக யாரும் கோலமிடுவதில்லை.

இழந்த பொருளை வைத்து ஒருவனை ஈந்தவன் என்றோ ஏமாந்தவன் என்றோ சொல்ல முடியாது. பொருள் அவனை விட்டு நீங்கியபின் அவன் எந்த வினைச்சொல்லால் அதனைச் சொல்கிறான் என்பதில்தான் வேற்றுமை இருக்கிறது. 'போயிற்று' என்பது ஒன்று. 'கொடுத்தேன்' என்பது மற்றொன்று. முன்னதில் பொருள் எழுவாய். பின்னதில் மனிதன் எழுவாய்.

இலக்கணம் பேசத் தொடங்கியதால் இடமும் பார்த்துவிடுவோம். இத்தகைய தொடர்களைத் தன்மையில் சொல்லும்போது அவற்றில் இகழ்ச்சி இல்லை. "என் பணம் கோவிந்தா" என்று அந்தப் புத்தூர்க்காரர் சொன்னபோது அவர் தம்மைத் தாமே சிரித்துக்கொண்டார். அழுவதற்குப் பதில் சிரித்தார். அன்றிரவு அவர் சற்றேனும் உறங்கியிருந்தால் அந்தச் சொல்லின் உதவியாலேயே உறங்கியிருப்பார். தொடரின் பழம்பொருளுக்கு அது வெகு அருகில்தான் நிற்கிறது. அதையே முன்னிலையிலோ படர்க்கையிலோ மாற்றி, "உன் பணம் கோவிந்தா", "அவனுக்கு நாமம்" என்று சொல்லும்போதுதான் பொருள் கெடுகிறது. மற்றவன் கொடுத்ததை நாம் 'போயிற்று' என்று மொழிபெயர்த்து விடுகிறோம். அவ்வாறு மொழிபெயர்க்க நமக்கு என்ன உரிமை? தொழில் தொடங்கும் தம்பிக்குப் பணம் தருபவன் ஏமாளி, கைம்பெண்ணான அக்காளின் மக்களைப் படிக்கவைப்பவன் ஏமாளி, அண்டை வீட்டானுக்குப் பிணை நிற்பவன் பெரிய ஏமாளி என்று சொல்லிச் சொல்லியே வளர்க்கப்படும் பிள்ளைகள், 'கொடுத்தேன்' என்ற வினையை எங்கே கற்பார்கள்?

இதனை யாம் புத்தகத்தில் கற்கவில்லை. எங்கள் தந்தையார் நெசவாளர். சொந்தமாக நான்கு தறி வைத்திருந்தார். அவருடைய கூட்டாளி ஒருவர் நூல் கடனுக்கு வாங்கியபோது ஜாமீன் கையெழுத்துப் போட்டார். 1991ஆம் ஆண்டில் கூட்டாளி ஒருநாள் இரவு ஊரைவிட்டே போய்விட்டார். முப்பத்தெட்டாயிரம் ரூபாய். இரண்டு தறிகளை விற்றும், பிறகு ஆறு ஆண்டுகள் மாதந்தோறும் கட்டியும் தந்தையார் அதனைத் தீர்த்தார். அந்த ஆறு ஆண்டுகளும் உறவினர் கூடிய ஒவ்வொரு திருமணத்திலும் சாவிலும், "அவனுக்குப் பெரிய நாமமாப் போட்டுட்டுப் போனானே" என்ற பேச்சு பந்தியில் உப்பு வைப்பது போல் தவறாமல் பரிமாறப்பட்டது. பள்ளிக்கூடத்தில் கேட்டுவிட்டு வந்து யாமும் ஒருநாள் கேட்டோம். "நைனா, அவரு நமக்கு நாமம் போட்டுட்டாராமே?"

தறியை நிறுத்தாமலே அவர் சொன்னார்: "அவன் என்ன போட்டானோ எனக்குத் தெரியாது. நான் கையெழுத்துப் போட்டேன். போட்ட கையெழுத்துக்குக் குடுத்தேன்."

அதற்குமேல் அதைப் பற்றி அவர் பேசி யாம் கேட்டதில்லை. 'போச்சு' என்ற சொல் அவர் வாயில் வரவே இல்லை என்பதை மட்டும் பின்னாளில் கவனித்தோம். அவர் மன்னித்துவிட்டாரா என்றால், அதுவும் எமக்குத் தெரியாது. கூட்டாளியின் பெயர் வீட்டில் எடுபட்டால் எழுந்து வாசலுக்குப் போய்விடுவார்.

2009ஆம் ஆண்டு மழைக்காலத்தில் அந்தக் கூட்டாளி திருப்பதியில் ஒரு மருத்துவமனையில் இறந்தார். பிள்ளைகள் எங்கிருக்கிறார்கள் என்று அங்கிருந்த யாருக்கும் தெரியவில்லை. அவர் சட்டைப்பையிலிருந்த தாளில் நகரி என்ற ஊர்ப்பெயர் இருந்ததால், எப்படியோ செய்தி எங்கள் தெருவுக்கு வந்து சேர்ந்தது. அப்போது யாம் வேலையில் சேர்ந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. சம்பளம் வாங்குகிறோம் என்ற மிடுக்கும் இருந்தது. "நாம எப்பவோ தலை முழுகின ஆளு நைனா. நீங்க எதுக்குப் போறீங்க?" என்றோம். தந்தையார் ஒன்றும் சொல்லாமல் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு புறப்பட்டார். கேட்பாரற்றுப் போன பிணத்துக்குப் பிறர் கூடி வைக்கும் நெருப்பைக் கோவிந்தாக் கொள்ளி என்பார்கள். அதனை வைத்துவிட்டு மறுநாள் காலையில் திரும்பினார். விறகுக்கும் வண்டிக்கும் கொடுத்தது அவர்தான். "முப்பத்தெட்டாயிரத்தோட விறகுக் காசும் கோவிந்தா" என்று திண்ணையில் ஒருவர் சொன்னதை வாசலில் நின்றிருந்த யாம் கேட்டோம்.

வீட்டுக்குள் நுழையாமல் கொல்லைப்புறம் சென்று, தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்ள வேண்டும் என்றார். அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "அவன் என்ன நமக்குப் பங்காளியா, சம்பந்தியா? எந்த உறவுக்கு இந்த முழுக்கு?" என்றார்.

அம்மா கேட்டதில் நியாயம் இருந்தது. முன்பின் அறியாதவன் இறந்தால் யாரும் தலை முழுகுவதில்லை. நம்மவன் இறந்தால்தான் முழுகுகிறோம். முதல் நாள் யாம் அந்தத் தொடரைச் சொன்னபோது, அதில் இப்படி ஒரு பொருள் இருப்பதை அறியாமலே சொல்லியிருந்தோம்.

தந்தையார் அம்மாவுக்கு விடை சொல்லவில்லை. குனிந்து உட்கார்ந்தபடி எம்மைப் பார்த்து, "குழாயை அடிடா" என்றார். அடிகுழாயில் அப்போது தண்ணீர் ஏறுவதற்கு நெடுநேரம் பிடிக்கும். யாம் அடித்துக்கொண்டே இருந்தோம்.